பிரிக்காத சுங்குடி

"அழாதே புள்ள, துணியை இறுக்கிப் பிடி!" என்று சம்சாத் சிவப்பு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். லூசி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சுங்குடிச் சேலையின் முந்தானையைக் கிள்ளிப் பிடித்தாள்.

விஷயம் இதுதான். சாயத்தில் முக்குவதற்கு முன் போட்ட நூல் முடிச்சுகளை முந்தானையில் மட்டும் அவிழ்க்காமல் விற்பார்கள். அசல் என்பதற்கு அதுதான் சாட்சி. புருஷன் தாமஸ் வாங்கி வந்தது தனக்குத்தான் என்று லூசி எல்லா முடிச்சையும் உருவிவிட்டாள். சேலையில் லேசாக அத்தர் வாசனைகூட அடித்தது. ஜெய்னுதீன் பாய் கடைச் சரக்கென்றால் சும்மாவா என்று பூரித்துப்போய், கட்டிக்கொண்டு ஒரு சுற்றும் சுற்றினாள்.

தாமஸ் வந்து தலையில் அடித்துக்கொண்டான். "அடிப்பாவி, அது அக்காவுக்குடி!"

அக்கா என்றால் தாமஸின் அக்கா, கடலுக்கு எதிர்க்கரையில் பாம்பூஃப்ளாட்டில் இருக்கும் சிசிலியா. தங்கச்சி கல்யாணத்துக்கு லூசி தூத்துக்குடி போகவேண்டுமானால், இரண்டு பிள்ளைகளையும் மாட்டையும் பார்த்துக்கொள்ள சிசிலியா தலையாட்ட வேண்டும். கட்டிக் கழித்த சேலையைக் கொடுத்தால் ஆடுகிற தலையா அது?

படகில் வரும் அக்காவை அழைத்துவர தாமஸ் சாத்தம் ஜெட்டிக்கு ஓடினான். லூசி ஓடியது பக்கத்து வீட்டுக்கு, ஜெய்னுதீன் பாயின் மனைவி சம்சாத்திடம். அவளும் நூல்கண்டோடு உடனே வந்துவிட்டாள்.

சம்சாத்தின் விரல்கள் பறந்தன. லூசி ஒரு புள்ளியைத் தேடிப் பிடிப்பதற்குள் அவள் நாலு முடிச்சுப் போட்டாள். "ஜல்தி, ஜல்தி!" என்று சிரித்துச் சிரித்து இருவரும் கடைசி முடிச்சை இறுக்கவும், வாசலில் சிசிலியாவின் குடை தெரியவும் சரியாக இருந்தது.

சிசிலியா உட்காரக்கூட இல்லை. முந்தானையை வெளிச்சத்தில் பிடித்து ஒரு முடிச்சை நகத்தால் உருவினாள்.

உள்ளே வெள்ளைப் புள்ளி பளிச்சென்று இருந்தது.

"பக்கா அசல்! கை படாத சரக்கு!" சிசிலியாவுக்கு முகமெல்லாம் பல். "நீ நிம்மதியா ஊருக்குப் போயிட்டு வா லூசி. புள்ளைங்க, மாடு எல்லாம் என் பொறுப்பு."

"சரி மைனி!" என்பதற்குள் லூசிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

சேலையை அணைத்துக்கொண்டு சிசிலியா கிளம்பியதும், லூசி சம்சாத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். "எப்படிக்கா இவ்ளோ வேகம்? எங்க கத்துக்கிட்டீங்க?"

சம்சாத் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"போன பெருநாளைக்கு நான் கட்டிட்டு, அவருக்குத் தெரியாம திருப்பி முடிச்சுப் போட்டுக் கடையில வெச்ச சேலைதானே புள்ள அது!"