காலி கேலரியில் ஒருத்தர்

"அந்த ஆளை இன்னைக்கே மன்றத்தை விட்டுத் தூக்கணும்" என்றார் தலைவர்.

தலைவர் என்றால் நாட்டுக்கோ கட்சிக்கோ இல்லை. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார், எங்கள் ஊர் கால்பந்து அணியின் ரசிகர் மன்றத்துக்குத் தலைவர். அவ்வளவுதான். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே கூட்டம். ஆளுக்கொரு பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். மெஷின் சூட்டில் எல்லாருக்கும் வேர்த்துக் கொட்டியது.

'அந்த ஆள்' டிரைவர். ராத்திரி பஸ் ஓட்டுபவர். இன்னும் வந்து சேரவில்லை.

நடந்தது இதுதான். லீக்கை நடத்துகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தைப் பெரிய அணிகளுக்குக் கொடுத்துவிட்டு, எங்கள் அணியைப் புதன்கிழமை மத்தியானத்துக்குத் தள்ளிவிட்டார்கள். கேட்டால், டிவியில் அந்த நேரம்தான் காலியாம். புதன்கிழமை மத்தியானம் வேலைக்குப் போகிறவன் எப்படி மைதானத்துக்கு வருவான்? பள்ளிக்கூடப் பிள்ளை எப்படி வரும்? டிவிக்காரனுக்கு அதெல்லாம் கவலையா என்ன.

செயலாளர் நர்ஸ் அக்காவுக்குத்தான் ரொம்ப வலித்தது. வாரம் முழுக்க வார்டில் நிற்கிறவர். பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு வெளியே போக அவருக்கு ஞாயிறு ஒன்றுதான் இருந்தது.

அதனால் போன வாரம் ஒரு முடிவு. புதன்கிழமை மேட்சை நம் ஆட்கள் ஒருத்தரும் பார்க்கக் கூடாது. நேரிலும் கூடாது, டிவியிலும் கூடாது. பார்க்க நாதியில்லை என்று தெரிந்தால் தன்னால் ஞாயிறைத் திருப்பிக் கொடுப்பார்கள். நர்ஸ் அக்கா லீக் ஆபீஸுக்கு இதைச் சொல்லி ஒரு மெயில் போட்டார். தலைவர் சொந்தக் கடையில் நோட்டீஸ் அடித்து ஊர் முழுக்க ஒட்டினார். சத்தியம் வாங்காத குறைதான்.

ஒரே ஒரு ஆள் டிக்கெட் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனார். டிரைவர்.

ஷட்டருக்குக் கீழே குனிந்து வந்தார் அவர். கண் சிவந்திருந்தது. உட்காரக் கட்டு மிச்சமில்லை. நின்றார்.

"வாங்க சார், வாங்க. மாலை வாங்கி வைக்க மறந்துட்டோம்" என்றார் வாத்தியார். மன்றத்தில் வாய் ஜாஸ்தி அவருக்கு.

"ஏன் தலைவரே கூப்பிட்டீங்க?"

"ஏன்னு தெரியாதா? கேலரி எவ்ளோ அழகா காலியா இருந்துச்சு. நடுவுல திருஷ்டிப்பொட்டு மாதிரி நீ. அதுவும் நம்ம டீம் சட்டையைப் போட்டுக்கிட்டு."

டிரைவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"போனதுதான் போனீங்க, ஓரமா உட்காரக் கூடாதா அண்ணே? நட்டநடு சீட்டு" என்றார் நர்ஸ் அக்கா. "ரெண்டாவது பாதியில கண்ணு வேற சொக்குது. தலை இப்படிச் சாயுது, அப்புறம் திடுக்குனு நிமிருது."

"கோல் விழுந்தப்போ மட்டும் நல்லா முழிச்சுக்கிட்டாரே" என்றார் வாத்தியார். "எழுந்து நின்னு ஒரு ஆட்டம் பாருங்க. யோவ், பக்கத்துல கட்டிப் பிடிக்க ஆளில்லாம நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு ஆடினியே, வெட்கமா இல்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். டிரைவர் ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தார்.

"உனக்கு ராத்திரி டூட்டி. புதன் மத்தியானம்னா உனக்கு சௌகரியம். அதான் எங்களை எல்லாம் கழட்டி விட்டுட்ட" என்றார் தலைவர்.

"சௌகரியம் எல்லாம் இல்ல தலைவரே. வண்டியை விட்டுட்டு வந்து படுத்தேன். தூக்கம் வரல. நம்ம கோல்கீப்பர் புதுப் பையன், வெறும் சிமெண்ட் படியைப் பார்த்துக்கிட்டு நிப்பானேன்னு மனசு கேட்கல. போயிட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "சொன்ன சொல்லை மீறிட்டேன். தப்புதான். நீங்க என்ன முடிவு பண்ணினாலும் சரி."

"முடிவு பண்ணியாச்சு. அக்காவோட பிள்ளைங்க இனிமே மேட்சே பார்க்க முடியாமப் போனா அதுக்கு நீதான் பொறுப்பு" என்றார் தலைவர். "டிரைவரை நீக்கணும்னு சொல்றவங்க கையைத் தூக்குங்க."

ஒரு கை பாக்கியில்லாமல் எழுந்தது. யாருக்கும் தயக்கமில்லை.

நர்ஸ் அக்காவின் இன்னொரு கையில் இருந்த போன் அதிர்ந்தது. எட்டிப் பார்த்தார்.

"தலைவரே, லீக் ஆபீஸ்ல இருந்து பதில் வந்திருக்கு."

"படி. எல்லாரும் கேட்கட்டும். பயந்துட்டானுங்க பாரு."

அக்கா ஒரு கையைத் தூக்கியபடியே படித்தார். "தங்கள் அணியின் ரசிகர்களுக்கு நன்றி. புதன்கிழமை ஆட்டத்துக்கு மைதானத்தில் கூட்டம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் தங்கள் அணி ஆடிய ஆட்டங்களிலேயே டிவியில் அதிகம் பேர் பார்த்தது இதுதான். குறிப்பாகத் தங்கள் ஊரில் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் கடைசி வரை..."

அக்காவின் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"மேல படி" என்றார் தலைவர். அவர் குரலும் அவ்வளவு நன்றாக இல்லை.

"ஆகையால் அடுத்த வருடம் தங்கள் அணியின் எல்லா ஆட்டங்களும் புதன்கிழமை மத்தியானமே நடைபெறும்."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. தூக்கின கைகள் தூக்கினபடி இருந்தன. இறக்க வேண்டும் என்றுகூட ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

டிரைவர் ஷட்டர் பக்கம் போனவர் திரும்பினார்.

"மைதானத்துல பார்த்தது நான் ஒருத்தன்தான், ஒத்துக்கிட்டேன். டிவியில பார்த்தவங்க எல்லாம் கையை அப்படியே வச்சிருங்க, எண்ணிடலாம்."