ஒரே அச்சு

நாலாம் நம்பர் படகு கவிழ்ந்தது.

அவள் முதலில் பாயில் எழுதியிருந்த எண்ணைத்தான் பார்த்தாள். நாலு.

தன் மகள் ஷெரின் ஏழு.

மூச்சு வந்தது.

அதற்குப் பிறகுதான் பக்கத்தில் நின்ற பிலோமியின் முகத்தைப் பார்த்தாள். பிலோமியின் மகள் அன்சிதான் நாலாம் நம்பர். காலையில் முதல் பந்தயத்தில் அன்சி அந்தப் படகில் போனதை இருவரும் சேர்ந்து நின்றுதான் பார்த்தார்கள்.

பெண்கள் மட்டும் ஓட்டும் பாய்மரப் பந்தயம். எல்லாப் படகும் ஒரே அச்சு. பழைய காலத்து மரப் படகு, ஒற்றைப் பாய், படகுக்கு ஒருத்தி. எல்லோருக்கும் அதே ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட், அதே நீலத் தொப்பி. தூரத்தில் போய்விட்டால் பெற்றவளுக்கே தன் பிள்ளை எதுவென்று தெரியாது. எண்தான் பிள்ளை.

பிலோமி கரைச் சுவரின் விளிம்புக்கே போய்விட்டாள். அவள் பிலோமியின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அவளுக்கு ஊர் வேம்பார், பிலோமிக்கு மணப்பாடு. தூத்துக்குடிக்கு வந்த இடத்தில் இன்று காலையில்தான் பழக்கம். மத்தியானம் ஒரே டப்பாவில் புளிச்சோறு சாப்பிட்டார்கள்.

"ஒண்ணும் ஆவாதுக்கா. நீச்சல் தெரிஞ்ச புள்ளதான."

குரல் நன்றாக வந்தது. பதறாத குரல்.

இவ்வளவு தைரியம் தனக்கு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மீட்புப் படகு சீறிக்கொண்டு போனது. கவிழ்ந்த படகின் பாய் தண்ணீர்மேல் விரிந்து கிடந்தது. ஆரஞ்சு நிறம் எங்கேயும் தெரியவில்லை.

பாய்க்கு அடியில் மாட்டிக்கொண்டால் ஆபத்து என்று ஷெரின் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். ஜாக்கெட் மேலே தள்ளுமாம், பாய் விடாதாம்.

அதை அவள் பிலோமியிடம் சொல்லவில்லை.

பிலோமியின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மாதாவே, அந்தப் பிள்ளையைக் காப்பாத்து என்று வேண்டினாள். மனசார வேண்டினாள்.

அந்தப் பிள்ளையை.

மற்ற படகுகள் பந்தயத்தை விட்டுவிட்டுக் கரைக்குத் திரும்பின. ஏழாம் நம்பர் அவர்கள் நின்ற சுவரை ஒட்டி வந்தது.

அவள் கையை உயர்த்தி ஆட்டினாள்.

படகிலிருந்த பெண் தொப்பியைக் கழற்றினாள்.

"எம்மா! எனக்கு ஒண்ணுமில்லம்மா!"

பிலோமி நிமிர்ந்தாள்.

அன்சி.

மகள் அம்மாவைப் பார்த்துக் கையை ஆட்டினாள். பிறகு அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்பது யாரென்று பார்த்தாள். ஆட்டிய கை கீழே இறங்கியது.

காலையில் மைக்கில் சொன்னது ஷெரினின் அம்மாவுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. முதல் பந்தயம் முடிந்ததும் இரண்டிரண்டு பேராகத் தங்களுக்குள் படகை மாற்றிக்கொள்ள வேண்டும். தோற்றவள் படகைக் குறை சொல்லக் கூடாது என்பதற்காக. நாலுக்கு ஏழு, ஏழுக்கு நாலு.

நல்ல ஏற்பாடுதான் என்று பிலோமியிடம் சொன்னவளே அவள்தான்.

பாய் இன்னும் விரிந்தே கிடந்தது. மீட்புப் படகு அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒருவன் தண்ணீரில் குதித்தான்.

அவள் கை பிலோமியின் கையிலிருந்து நழுவியது.

பிலோமி அதை எட்டிப் பிடித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"ஒண்ணும் ஆவாது தங்கச்சி. நீச்சல் தெரிஞ்ச புள்ளதான."

குரல் நன்றாக வந்தது.

பதறாத குரல்.