ரசம் ஏன் வரல?

‘ஜூலை 7, செவ்வாய். ரசத் தூக்கைச் சமையல்கூடத்திலேயே விட்டுவிட்டுப் போய்விட்டேன். தப்பு என்னுடையதுதான். யாரும் கேட்கவில்லை. ஒருவர் மட்டும் நாளைக்குக் கேட்காமல் விடமாட்டார்.’

ஹேமலதா டைரியில் இப்படி எழுதி வைத்த மறுநாள் மதியம், அந்த ஒருவர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“நேத்து ரசம் ஏன் வரல?”

“மறந்துட்டேன் மதாம். என் தப்புதான்.”

“எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?”

“எல்லாருக்குந்தான்.”

“ஒருத்தருமா கேக்கல?”

“கேக்கல மதாம். கோவிந்தசாமி ஐயா சாம்பாரே போதும்னுட்டார்.”

“சொல்வாரு, சொல்வாரு,” என்று இவோன் மதாம் சாப்பாட்டு டப்பாவை வாங்கித் திறந்தார்.

உப்பளம் பகுதியில் இருக்கும் அந்தச் சிறிய சமையல்கூடத்திலிருந்து, பார்த்துக்கொள்ள ஆளில்லாத முதியவர்களுக்கும் நொடித்துப்போன குடும்பங்களுக்கும் தினமும் மதியச் சாப்பாடு போகிறது. ஸ்கூட்டியில் கொண்டுபோய்க் கொடுப்பது ஹேமலதாவின் வேலை. அந்தச் சம்பளத்தில்தான் மாலையில் டேலி கணக்கு வகுப்புக்குப் போகிறாள்.

டூமா வீதியில் இருக்கும் மதாமின் மாடி வீடுதான் கடைசி. மதாமின் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து காலமானவர். பென்சன் யூரோவில் வருகிறது. யூரோ வாங்குகிறவருக்குத் தர்மச் சாப்பாடு எதற்கு என்று ஹேமலதா பலமுறை யோசித்திருக்கிறாள். கேட்கத்தான் வாய் வந்ததில்லை.

மதாம் நின்றபடியே ஒரு வாய் மென்றார்.

“சோறு வெளிய வெந்திருக்கு, உள்ள அரிசி. போன வாரமும் இதே கதை. கோவிந்தசாமிக்குக் கீழ்வரிசையில பல்லே இல்ல. இத எப்படி மெல்லுவாரு?”

“அவரு ஒண்ணும் சொல்லல மதாம்.”

“அதான் நான் சொல்றேன்ல. மாஸ்டர அரிசிக் கடைய மாத்தச் சொல்லு. மென்னு முழுங்காம அப்படியே சொல்லு.”

ஹேமலதா கிளம்பவில்லை. சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

முந்தின நாள் குருசுக்குப்பத்திலிருந்து பாக்கியலட்சுமி சமையல்கூடத்துக்கு வந்திருந்தாள். படகில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த கணவன் படுத்த படுக்கை. “மதியத்துக்கு அவருக்கு ஒரு டப்பா கெடச்சா, நான் பழையபடி பெரிய மார்க்கெட்டுக்கு மீன் விக்கப் போயிடுவேன். உங்கள சாமியா நெனச்சுக்கறேன்” என்றாள்.

சமையல்கூடத்தை நடத்தும் அரிகிருஷ்ணன் மாஸ்டர் அண்டாவைத் தட்டிக் காட்டினார். “இதுக்கு மேல இது கொள்ளாதும்மா. யாரயாவது ஒருத்தர நிறுத்தினாத்தான் உண்டு. ஹேமா, வீடு வீடா போறவ நீதான். யாரன்னு நீயே முடிவு பண்ணு.”

இரவெல்லாம் யோசித்து அவள் முடிவு பண்ணியிருந்தாள்.

“மதாம், ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. நாளையிலேர்ந்து உங்க டப்பாவ நிறுத்திக்கலாமா?”

மதாம் ஸ்பூனைக் கீழே வைத்தார். “எனக்குப் பென்சன் வருதுன்னுதானா?”

“அதுவும்தான். அப்புறம் உங்களுக்கு எங்க சாப்பாடு என்னிக்குமே பிடிச்சதில்ல.” சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“எனக்குப் பதிலா யாருக்குப் போவப் போவுது?”

ஹேமலதா சொன்னாள். மதாம் கேட்டுக்கொண்டே டப்பாவை மூடினார்.

“படுத்துக் கெடக்கறவருக்குக் காரம் ஆவுமா?”

“கேக்கல மதாம்.”

“கேக்கணும்ல புள்ள? அதெல்லாம் அவங்களா சொல்ல மாட்டாங்க.” மூடிய டப்பாவை ஓரமாக வைத்தார். “சரி, நிறுத்திடு. உனக்கு இவ்ளோ வாய் இருக்கும்னு நான் நெனக்கல. போய்ட்டு வா. மெர்சி,” என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார்.

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. வயதானவரின் தட்டைப் பிடுங்கிவிட்டோமோ என்று வழியெல்லாம் ஹேமலதாவுக்கு மனசு அடித்துக்கொண்டது. திரும்பிப் போய் ‘வேண்டாம் மதாம், நீங்களே வாங்கிக்குங்க’ என்று சொல்லிவிடலாமா என ஒருமுறை வண்டியை ஓரம்கூடக் கட்டினாள். பாக்கியலட்சுமியின் முகம் நினைவுக்கு வந்தது. வண்டியைக் கிளப்பினாள்.

சமையல்கூடத்தில் மாஸ்டர் போனில் இருந்தார். “சரிங்க மதாம். சொல்லிடறேன் மதாம்.” வைத்துவிட்டுத் திரும்பினார்.

“அடிப்பாவி, மதாம் டப்பாவயா நிறுத்துன?”

“நீங்கதானே மாஸ்டர் முடிவு பண்ணச் சொன்னீங்க? அவங்களுக்கு வசதி இருக்கு. தர்மச் சோத்துல தெனம் குறை சொல்றவங்களும் அவங்க ஒருத்தங்கதான். ரொம்பக் கோவமா?”

“கோவமா? பாக்கியலட்சுமி வீட்டுக்காரருக்குக் காரம் கம்மியாப் போடச் சொன்னாங்க. உனக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க.”

“எனக்கு எதுக்கு?”

மாஸ்டர் அடுப்பைத் தணித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“இத்தினி வருஷமா யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு வாக்கு வாங்கியிருந்தாங்க. இன்னிக்கு உன்கிட்ட மட்டும் சொல்லச் சொல்லிட்டாங்க. இந்த அடுப்பு, அரிசி, உன் ஸ்கூட்டி, உன் சம்பளம், எல்லாமே அவங்க பென்சன்லதான் ஓடுது. சும்மா வாங்கிச் சாப்புடறவங்க சோறு வேகலன்னாலும் வாயத் தொறக்க மாட்டாங்க, அவங்களுக்காகக் குறை சொல்ல ஒரு நாக்கு வேணும்னுதான் அந்த மதாம் தெனம் நம்ம டப்பாவ வாங்கித் தின்னுட்டு இருந்தாங்க. நாளையிலேர்ந்து அந்த வேலை உனக்காம்.”

‘ஜூலை 9, வியாழன். வண்டியில் ஏற்றும் முன் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். வேகவில்லை என்றால் மாஸ்டரிடம் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும்.’