நோன்புப் பட்டியல்

09.04.1957, செவ்வாய். மாலை நாலரை மணி.

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். பட்டியலை மையால் எழுதிவிட்டேன். பென்சிலால் எழுதியிருந்தால் அழித்துவிட்டுத் திரும்ப எழுதியிருக்கலாம்.

என் பொறுப்பிலுள்ள நெசவுசாலையில் பன்னிரண்டு பெண்கள். நோன்பு தொடங்கி ஒரு கிழமை. பெருநாளுக்கு முன் நூற்றைம்பது சாரன் நெய்து முடிய வேண்டும். முடியாவிட்டால் என் வேலையின் ஆறு மாதப் பரிசோதனைத் தவணையும் அத்தோடு முடியும். வேலை வாங்கத் தெரியாதவள் என்று எழுதி அனுப்பிவிடுவார்கள்.

நிர்வாகம் பழக நான் போகும் மாலை வகுப்பில் மாஸ்டர் சொன்னதைத்தான் செய்தேன். சட்டம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், எழுத்தில் இருக்க வேண்டும், எல்லாரும் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

ஒரு தாளில் இரண்டு பக்கம் பிரித்தேன். நோன்பு பிடித்தவர் மூன்று மணிக்கு வீட்டுக்குப் போகலாம். பிடிக்காதவர் ஐந்து மணிவரை நெய்ய வேண்டும். இதைவிட நியாயமாக எனக்கு யோசிக்க வரவில்லை. தெருக்கதவில் ஒட்டி, அவரவர் பெயருக்கு நேரே பெருக்கல் குறிபோலப் புள்ளடி போடச் சொன்னேன்.

ஒருவரும் அசையவில்லை. பன்னிரண்டு தறியும் நின்றுவிட்டன. சுல்பிகா எழுந்து றாஹிலா ராத்தாவின் காதில் என்னவோ சொன்னாள்.

றாஹிலா ராத்தாதான் இவர்களில் மூத்தவர். வந்து என் பேனாவை வாங்கினார். ‘நோன்பு இல்லை’ என்ற பக்கத்தில் புள்ளடி போட்டார்.

அடுத்து மைமூனா. அடுத்து கைருன்னிஸா. கடைசியாகச் சின்னவள் சுல்பிகா, தலையை நிமிர்த்தாமல்.

பன்னிரண்டு புள்ளடியும் ஒரே பக்கத்தில்.

பச்சைப் பொய். தண்ணீர்ப் பானையைக் காலையில் நான்தான் நிரப்பினேன். இன்னும் தளும்புகிறது. றாஹிலா ராத்தாவின் உதடு வெடித்திருக்கிறது.

“நோன்போட பொய் எழுதலாமா ராத்தா?” என்று கேட்டேன்.

“அத நாங்க அல்லாஹ்வோட கதைச்சுக்குவம் டீச்சர்” என்றார், தறியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மூன்று மணியானது. ஒருத்தியும் போகவில்லை.

நாலு மணிக்கு நூல் வண்டி வந்தது. வண்டிக்காரர் சீனிமுகம்மது காக்கா கதவடியில் நின்று எழுத்துக்கூட்டி வாசித்தார். அவருடைய மகனுக்குத்தான் சுல்பிகாவைப் பேசியிருக்கிறார்கள்.

“என்ன புள்ளைகள், எல்லாரும் நோன்ப உட்டுட்டீங்களா?”

“ஓம் காக்கா” என்றார் றாஹிலா ராத்தா, என் கழுத்துச் சிலுவையைக் காட்டி. “டீச்சர் எங்களையெல்லாம் அவட வேதத்தில சேத்துட்டா.”

காக்கா சிரித்துக்கொண்டே நூலை இறக்கிவிட்டுப் போனார். உள்ளேயும் சிரிப்பு. சுல்பிகா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கும் என்மேல் கோபம் போலிருக்கிறது.

வண்டிக்காரர் முன்னால் என் சட்டத்தைக் கூத்தாக்கிவிட்டார்கள். ஐந்து மாதமாக இதுதான் நடக்கிறது. நான் இளக்கமாக இருக்கிறேனா, கடுமையாக இருக்கிறேனா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. உனக்கு ஆட்களை நடத்த வராது, அன்ரனீற்றா.

இன்று வகுப்பில் மாஸ்டரிடம் கேட்க வேண்டும்.

ஆறு மணி கழிந்து.

வகுப்புக்குப் போகவில்லை.

ஐந்து மணிக்கு எல்லாரும் எழுந்தார்கள். சுல்பிகா எழவில்லை. வயிற்றை அழுத்திக்கொண்டு தறியின்மேல் குனிந்திருந்தாள்.

நோன்புக் களைப்பில் மயங்கப்போகிறாள் என்று பயந்து, பானையிலிருந்து ஒரு கோப்பை தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். வாங்கமாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

றாஹிலா ராத்தா யன்னலைச் சாத்தினார். மற்றவர்கள் வாசலை மறைத்து, எங்களுக்கு முதுகு காட்டி நின்றார்கள்.

சுல்பிகா ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

“மாசத்தில அந்த நாளையில எங்கட பொம்புளைகளுக்கு நோன்பு இல்ல டீச்சர்” என்றார் றாஹிலா ராத்தா, மெதுவாக. “ஊட்டு ஆம்புளைகளுக்கும் காட்டிக்கமாட்டம். நீங்க அதத் தெருக்கதவில எழுதச் சொன்னீங்க. இல்லாத நோன்ப இருக்கெண்டு எழுதப் புள்ள பயந்திட்டாள். இருக்கிறத இல்லையெண்டு நாங்க எழுதினம்.”

நான் கல்முனையில் பிறந்து வளர்ந்தவள். நோன்பைப் பற்றி எல்லாம் தெரியும் என்று இருந்துவிட்டேன். எங்கள் தவக்கால ஒருசந்தியில் இப்படி ஒரு விலக்கு இல்லை. அவர்களிடம் கேட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு புள்ளடி மட்டும் தனியே நின்றிருந்தால், நாலு மணிக்கு அதை எழுத்துக்கூட்டி வாசித்திருப்பவர் அவளுடைய வருங்கால மாமனார்.

பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறார்கள். பதினொரு வீடுகளில் இன்று நோன்புக் கஞ்சி பிந்தியிருக்கும்.

ஒன்றை இதுவரை இந்தக் கொப்பியில் எழுதவில்லை. போன மாதம் இன்ஸ்பெக்டர் வந்த அன்று, நான் இதே வலியோடு நூல் அறையில் பாயில் சுருண்டு கிடந்தேன். “டீச்சர் சாயம் எடுக்கப் போயிருக்கா” என்று றாஹிலா ராத்தா அவரிடம் சொன்னது உள்ளே கேட்டது. என்ன வருத்தம் என்று என்னை அவர் கேட்கவில்லை. அன்று என் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

கதவிலிருந்த தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

நாளை எல்லாரையும் மூன்று மணிக்கு அனுப்ப வேண்டும். ஐந்து மணிவரை சுல்பிகாவின் தறியில் நான் இருந்து நெய்ய வேண்டும்.

அதற்கு முன், காலையில் முதல் வேலையாக, தண்ணீர்ப் பானையை நூல் அறைக்குள் மாற்றி வைக்க வேண்டும்.