படுத்தால்

சன்னல் கம்பிகளின் நிழல், மேசைமேல் விரித்திருக்கும் மெத்தை விளம்பரத்தின் குறுக்கே கோடு கோடாக விழுந்திருக்கிறது. விளம்பர நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த அவள் தனியாக எழுதிய முதல் விளம்பரம். மதியத்துக்குள் அச்சுக்குப் போக வேண்டும், அதற்கு முன் 'கத்திரி' கையெழுத்துப் போட வேண்டும். பிழை திருத்துபவருக்கு அலுவலகம் வைத்திருக்கும் பெயர் அது. எதையும் எழுந்து நின்று, வரிக்கடியில் ஸ்கேலை வைத்து, வாய்விட்டுப் படித்த பிறகே விடுவார். இப்போதும் தொண்டையைச் செருமிக்கொண்டு படிக்கிறார்: "இந்த மெத்தையில் ஒருமுறை படுத்தால்". குரல் அந்தரத்தில் நிற்கிறது. விசைப்பலகைகள் ஓய்ந்து, தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்கின்றன. தாளை வாங்கிப் போக வந்த அச்சுக்காரர் வாசலிலிருந்தே, "படுத்தா? அப்புறம் என்னங்க?" என்கிறார். "அதைத்தான் நானும் கேக்கறேன். வாக்கியம் முடியவே இல்லையேம்மா." சிவப்புப் பேனாவின் மூடி கழல்கிறது. "எப்படி சார் முடியும்? சொல்ல வந்தவர் தூங்கிட்டாரு" என்கிறாள் அவள். பின்னால் யாரோ களுக்கென்று சிரிக்கிறார்கள். "சரி, மூணு புள்ளியாவது வை." "தூங்கறவங்க புள்ளி வெச்சிட்டுத்தானா சார் தூங்குவாங்க?" அவள் பார்வையை விலக்கவில்லை. அவர் மறுபடி படிக்கிறார். இம்முறை மெதுவாக, கடைசிச் சொல்லில் குரல் தானாகத் தலையணைக்குள் புதைகிறது. பேனா அந்த வரியைத் தொடாமல் தாண்டி, தாளின் மூலையில் கையெழுத்தாக இறங்குகிறது. தாளை அச்சுக்காரரிடம் நீட்டியவர் விடாமல் பிடித்துக்கொண்டு சொல்கிறார்: "இதுக்குப் பக்கத்துல எவனாவது ஒரு புள்ளி வெச்சான், தொலைச்சிடுவேன்."