கச்சான் வாங்கப் போன பாரம்

வள்ளம் பத்தாவது தடவை போய்த் திரும்பியபோது மகாதேவி எழுபத்திரண்டு என்றாள்.

நாகலிங்கம் மாஸ்ரர் கொப்பியில் குறித்துக்கொண்டார். அவளுடைய நாடிக் கணக்கில் எழுபத்திரண்டு என்றால் சரியாக ஒரு நிமிடம். பிறகு பென்சிலைக் கடித்தார்.

கோப்பாய் வெளியில் காணிவேல் களியாட்டம் தொடங்கி அன்று மூன்றாம் நாள். கடலுக்குப் போகத் தடை என்பதால், கொழும்புத்துறை மீனவர் யாகப்பு தன்னுடைய வள்ளத்தை இரண்டு இரும்புச் சட்டங்களில் தொங்கவிட்டுக் கையால் ஆட்டிக்கொண்டிருந்தார். கூடியிருந்த சனத்துக்கு அது ஊஞ்சல். மாஸ்ரருக்கு அது நான்கு மீற்றர் நீளமான ஊசல். தன் உயர்தரப் பௌதிக ரியூசன் வகுப்பை அப்படியே சைக்கிள்களில் கூட்டிவந்துவிட்டார்.

சட்டத்தின் நீளம் தெரியும். பத்து ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்று அளந்தால் போதும். புவியீர்ப்பு ஆர்முடுகல் ஒன்பது தசம் எட்டு என்று புத்தகத்தில் இருப்பதை வெளியில் நின்றே கண்டுபிடித்துவிடலாம்.

நேரத்தை அளப்பதுதான் பாடு. போர்த் தடையால் பற்றறி வராத மூன்று வருடத்தில் ஊரிலுள்ள கைமணிக்கூடுகள் எல்லாம் வெறும் காப்புகளாகிவிட்டன. முறுக்கி ஓடவிடும் மணிக்கூடு ஒன்று ஆழ்வாப்பிள்ளையரிடம் இருந்தது. அதில் விநாடி முள் எப்போதோ விழுந்துவிட்டது.

ஆழ்வாப்பிள்ளையர் மகாதேவியின் தகப்பன். நில அளவைக் கந்தோரில் முப்பது வருடம் இருந்தவர். பெண்பிள்ளைகள் பொடியங்களோடு காணிவேலுக்குப் போவது படிப்பு என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு நிபந்தனையோடு, தானும் கூட வந்துதான் மகளை விட்டார்.

ஒன்பது தசம் எட்டு வந்தால் அது படிப்பு. வராவிட்டால் விளையாட்டு. நாளையிலிருந்து மகாதேவிக்கு ரியூசன் இல்லை.

பரீட்சைக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது.

நாடியை எண்ணி நேரம் அளக்கலாம் என்று மாஸ்ரர் சொன்னபோது, அதற்கு மகளைத் தந்தவரும் ஆழ்வாப்பிள்ளையர்தான். தன் மணிக்கூட்டை வைத்து மூன்றுதரம் எண்ணிப் பார்த்திருந்தார். ஐந்து நிமிடத்துக்கு முந்நூற்றறுபது, நிமிடத்துக்கு எழுபத்திரண்டு. காலையில் எண்ணினாலும் அதுதான். விமானம் தலைக்கு மேல் சுற்றியபோது பங்கருக்குள் இருந்து எண்ணினாலும் அதுதான்.

வெறும் வள்ளம் கோணலாக ஆடும், பாரத்துக்கு ஒருவர் வேண்டும் என்று யாகப்பு முதலே சொல்லியிருந்தார். வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கும் கதிரவேலு ஏறிக் குந்தியிருந்தான்.

மாஸ்ரர் கணக்கை மூன்றுமுறை போட்டார். மூன்றுமுறையும் நான்கு தசம் நான்குதான் வந்தது.

செவ்வாய்க் கிரகத்துக்குக் கிட்ட வந்துவிட்டோம் என்றான் ஒருவன். வகுப்பு சிரித்தது. மகாதேவி சிரிக்கவில்லை.

ஆழ்வாப்பிள்ளையரும் சிரிக்கவில்லை. மடிப்பு ஏணி ஒன்றைக் கேட்டு வாங்கி ஏறி, தன் கையாலேயே அளவுநாடா பிடித்தார். நான்கு மீற்றர், நூல் பிசகவில்லை. சட்டம் வளையவில்லை. ஆட்டங்களை எண்ணியவர்கள் பதினொரு பேர். பதினொரு பேரும் பத்து என்றார்கள்.

மிச்சம் ஒன்றுதான். எல்லோரும் மகாதேவியின் மணிக்கட்டைப் பார்த்தார்கள்.

"என்ரை பிள்ளையின்ரை நாடி பிழைக்காது, மாஸ்ரர். குண்டு போடேக்கையே பிழைக்கேல்லை," என்றார் ஆழ்வாப்பிள்ளையர்.

மாஸ்ரர் மகாதேவியைப் பார்த்தார். அவள் சர்பத் கடையைப் பார்த்தாள், பனையைப் பார்த்தாள், அப்பாவின் ஏணியைப் பார்த்தாள். வள்ளத்தை மட்டும் பார்க்கவில்லை.

மாஸ்ரர் பென்சிலைக் காதில் செருகினார். வகுப்பு முழுவதற்கும் கச்சான் கடலை வாங்கிவரச் சொல்லிக் கதிரவேலுவை இறக்கினார். பக்கத்துக் கடையில் வேண்டாம், மதவடிக் கடையில்தான் நல்ல கச்சான் என்றார். அவனுடைய சைக்கிள் ஒழுங்கை திரும்பி மறைந்த பிறகு, பங்கரடியில் அடுக்கியிருந்த மண் மூட்டை ஒன்றை அவன் இருந்த இடத்தில் ஏற்றச் சொன்னார்.

பாரத்துக்கும் ஊசலின் நேரத்துக்கும் சம்பந்தமில்லை என்று போன கிழமைதானே படிப்பித்தீர்கள் என்று முன்வாங்குப் பெண் ஒருத்தி கேட்டாள்.

சம்பந்தமில்லைத்தான் என்றார் மாஸ்ரர்.

வள்ளம் ஆடியது. பத்தாவது தடவை திரும்பியது.

மகாதேவி நாற்பத்தெட்டு என்றாள்.

நாற்பது விநாடி. ஒன்பது தசம் எட்டும் கொஞ்சச் சில்லறையும்.

ஆழ்வாப்பிள்ளையர் கொப்பியை வாங்கி வரிக்கு வரி சரிபார்த்தார். படிப்புத்தான் என்று ஒப்புக்கொண்டார். ரியூசன் தொடரும். ஆனால் முதல் தடவை ஏன் பிழைத்தது என்று தெரியாமல் வீட்டுக்குப் போக அவரால் முடியவில்லை. அளவையில் காரணமில்லாத பிழை கிடையாது என்பது அவர் கட்சி. ஏணியில் சாய்ந்து நின்று யோசித்தார்.

கச்சான் சரையோடு கதிரவேலு திரும்பி வந்தபோது காரணம் பிடிபட்டுவிட்டது. மண் மூட்டை அசையாமல் இருந்தது. பொடியன் அசைந்திருக்கிறான்.

"தம்பி, பிழை முழுக்க உம்மிலைதான். நாளைக்குப் பின்னேரம் வீட்டை வாரும், எப்பிடி இருக்கவேணும் எண்டு வடிவாச் சொல்லித்தாறன்."

கதிரவேலு ஓம் என்றான். ஒரு பிழையை இவ்வளவு அவசரமாக ஒப்புக்கொண்ட மாணவனை மாஸ்ரர் அதுவரை கண்டதில்லை.

எல்லோரும் கச்சான் உடைத்தார்கள். யாகப்புவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. மண் மூட்டையை இறக்கிவிட்டுத் தம்பியை ஏற்றி, இன்னொருமுறை எண்ணிப் பார்ப்போமா என்று கேட்டார்.

வேண்டாம் என்று மாஸ்ரரும் மகாதேவியும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.