மூணாம் மாடிக் கூட்டணி

ஒரே ஊரில், ஒரே தெருவில், ரெண்டு கொடிக்கம்பம் இருந்ததாம். கம்பத்துக்கு ஒருத்தராக ரெண்டு சிநேகிதர்கள் இருந்தார்களாம்.

ஊர் புதுச்சேரி. தெரு மூலக்குளத்தில். சிநேகிதர்களில் ஒருத்தர் சக்கரபாணி. மாரடைப்பு வந்து கோரிமேட்டு ஆஸ்பத்திரியின் மூணாம் மாடியில் படுத்திருந்தார். இன்னொருத்தர் லூயிஸ். கட்சிக் கரை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதே மாடிக்குப் படியேறி வந்துகொண்டிருந்தார்.

மேலிருந்து எட்டிப் பார்த்த பூர்ணிமா படிக்கட்டுக்கு ஓடிவந்தாள். அவள் சக்கரபாணியின் மகள்.

"அப்பா மனசு அலுங்கக் கூடாதும்மா. பதறினா தாங்காது" என்று டாக்டர் சொல்லி ஐந்து நாளாகிறது. சொன்ன மறுநாளே அப்பாவின் கட்சியும் லூயிஸின் கட்சியும் கூட்டணி வைத்துக்கொண்டன. தலைவர்கள் கட்டிப்பிடித்து நிற்கிற படம் ஊரெல்லாம் பேனராகத் தொங்குகிறது.

'அவங்களோட சேர்றதுக்கு நாண்டுக்கிட்டுச் சாகலாம்' என்று அப்பா தெருமுனைக் கூட்டங்களில் பேசிய அதே கட்சி. அதனால்தான் பன்னிரண்டு வருஷமாக ரெண்டு பேருக்கும் சண்டையைத் தவிர வேறு பேச்சில்லை. லூயிஸின் மகள் லினெட்டை அப்பாதான் தோளில் தூக்கி வளர்த்தார். அவள் கல்யாணத்துக்குக்கூட அவர் போகவில்லை.

பூர்ணிமா அப்பாவின் செல்லைப் பிடுங்கி வைத்தாள். பேப்பர் வாங்குவதை நிறுத்தினாள். பக்கத்துக் கட்டில்காரருக்கு ஊர் திண்டிவனம். பாண்டிச்சேரி அரசியல் அவருக்கு வேண்டாத சங்கதி. அந்த மட்டும் சாமி புண்ணியம்.

இருந்தும் அப்பா தேறவில்லை. முந்தாநாள் காலையில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தவர், ஒரு வாய்கூட வைக்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்ததுதான். அப்புறம் காப்பிகூட இறங்கவில்லை.

"மாமா, கொஞ்சம் நில்லுங்க."

லூயிஸ் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "லிப்டுக்கு நிக்கிற கூட்டம் எங்க மாநாட்டுக்குக்கூட வரல பாப்பா. அதான் நடந்தே வந்துட்டேன்."

"அப்பாவைப் பாக்க வேணாம் மாமா."

"ஏன், நான் என்ன புலியா?"

"கூட்டணி விஷயம் அவருக்குத் தெரியாது. 'கடைசில எங்ககிட்டதானே வந்தீங்க'ன்னு நீங்க ஒரு வார்த்தை விட்டாப் போதும். அவர் உயிர் நிக்காது."

லூயிஸ் அவளையே பார்த்தார். "சாப்பிடுறானா?"

"ரெண்டு நாளா ஒண்ணும் இறங்கல."

அவளைத் தாண்டி விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். பூர்ணிமா பின்னாலேயே ஓடினாள்.

"என்னா முசியே சக்கரபாணி, இன்னும் இருக்கீங்களா?"

முசியே என்றால் அந்தக் காலத்துப் பிரெஞ்சு மரியாதை. சிநேகிதமாக இருந்தவரை அவர்களுக்குள் 'டேய்'தான். மரியாதையெல்லாம் சண்டைக்கு அப்புறம் வந்தது.

சுவரைப் பார்த்திருந்த சக்கரபாணி திரும்பினார். "உங்களுக்கு வழிவிட்டுட்டுப் போயிடுவேன்னு பாத்தீங்களா, முசியே லூயிஸ்?"

"போனாலும் ஒண்ணும் குறைஞ்சிடாது. உங்க கட்சிக்கு பூத்துல உக்கார ஆள் இல்ல. இந்தத் தடவை டெபாசிட்டே கிடைக்காது."

"யாருக்கு? போன தடவை உங்க வீட்டு ஓட்டே உங்களுக்கு முழுசா விழல."

"உங்க தலைவர் எங்க தலைவர் செருப்புக்குக் காணமாட்டாரு."

சக்கரபாணி முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். முகம் சிவந்துவிட்டது. "ரெண்டு பேரும் ஒரே மேடையில நின்னாத் தெரியும், யாரு உசரம்னு."

பூர்ணிமா லூயிஸைப் பார்த்து வேண்டாமென்று தலையாட்டினாள். லூயிஸ் அவளை ஒரு தடவை பார்த்தார். தோள் துண்டை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"நாம இருக்கிறவரைக்கும் அது நடக்காது முசியே."

"நடக்கக் கூடாது" என்றார் சக்கரபாணி. அப்புறம் மகளிடம் கையை நீட்டினார். "பூர்ணி, அந்தக் கஞ்சியை இப்படிக் குடு. தெம்பு இருந்தாத்தான் இந்த ஆளுக்குப் பதில் சொல்ல முடியும்."

டம்ளர் காலியாகும்வரை லூயிஸ் நின்று பார்த்தார். "நாளைக்கு வரேன். மிச்சத்தைப் பேசிக்கலாம்."

"வாங்க. எனக்கென்ன பயமா?"

வெளியே வந்ததும் லூயிஸ் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க கூட்டணியப் பத்திச் சொல்லவே இல்லியே மாமா" என்றாள் பூர்ணிமா.

"எப்படிச் சொல்றது? கட்சிக்காக என்னையே விட்டவன். அந்தக் கட்சியும் அவனை விட்டுடுச்சின்னா அவனுக்கு மிச்சம் என்ன இருக்கு? நான் எதிரியாவே இருந்துட்டுப் போறேன் பாப்பா."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.

பூர்ணிமா உள்ளே வந்தபோது அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்திருந்தார். அவள் படுக்கையைத் தட்டிப் போட்டாள். தலையணைக்கு அடியில் நாலாக மடித்த பேப்பர் ஒன்று கிடந்தது. சட்னிக் கறைக்கு நடுவே ரெண்டு தலைவர்களும் கட்டிப்பிடித்துச் சிரித்தார்கள்.

"அப்பா, இது..."

"முந்தாநாள் நீ வாங்கியாந்த இட்லி கட்டியிருந்த பேப்பர்."

"அப்ப எல்லாம் தெரிஞ்சேதான் சண்டை போட்டீங்களா?"

சக்கரபாணி திரும்பவில்லை. கீழே லூயிஸ் நொண்டி நொண்டி பஸ் ஸ்டாப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்தக் கரை வேட்டி கூட்டத்தில் மறைந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"சண்டை முடிஞ்சிபோச்சுன்னு நான் ஒத்துக்கிட்டா, 'அப்ப லினெட் கல்யாணத்துக்கு ஏன்டா வரல'ன்னு அவன் கேப்பான் பூர்ணி. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல."